ஸ்டாம்பிங்குக்குப் போய் வருவது

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளை ஊருக்கு வருகிறான் என்றால் "எத்தனை நாள் லீவு?" என்றுதான் முன்பெல்லாம் கேட்பார்கள். இப்போது அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "இந்தத் தடவை ஸ்டாம்பிங் உண்டா?" பாஸ்போர்ட்டில் புதிய அமெரிக்க விசா வாங்குவதற்குத்தான் அந்தப் பெயர். உண்டு என்று அவன் சொல்லிவிட்டால் வீட்டின் போக்கே மாறிவிடும். அம்மா எங்காவது நேர்ந்துகொள்வாள். அப்பா சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கும் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தங்குவதற்கு அறை விசாரிப்பார். தங்கையின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போதுகூட, பஞ்சாங்கத்தோடு துணைத் தூதரகம் கொடுத்த நேர்காணல் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது. ஹைதராபாத் பக்கம் சில்கூர் பாலாஜிக்கு 'விசா பாலாஜி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்த பிறகு 108 சுற்று.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஓர் இடம் புரிவதே இல்லை. பையன் ஏற்கெனவே அங்கே வேலையில் இருக்கிறான். வரி கட்டுகிறான். வேலை செய்யலாம் என்று அமெரிக்க அரசே கடிதம் கொடுத்திருக்கிறது. பிறகு எதற்காக அவன் அந்த நாட்டை விட்டு வெளியே வந்து, விசா கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபடி உள்ளே போக வேண்டும்?

விடை இரண்டு காகிதங்களில் இருக்கிறது. அவற்றைத் தருவது இரண்டு வெவ்வேறு துறைகள். முதலாவது ஐ-797 என்னும் ஒப்புதல் கடிதம். எச்-1பி என்பது வெளிநாட்டு வல்லுநர்களைத் தற்காலிகமாக வேலைக்கு வைத்துக்கொள்ளும் வகை; அந்த வேலைக்காகக் கம்பெனி போட்ட மனுவை ஏற்றுக்கொண்டதாக, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் குடியேற்ற அலுவலகம் அனுப்புவது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அடியில் ஐ-94 என்று ஒரு துண்டும் சேர்ந்து வரும். எந்தத் தேதி வரை அந்த நாட்டில் இருக்கலாம் என்று சொல்வது அந்தத் துண்டுதான். இரண்டாவது காகிதம் விசா. அதைத் தருவது வெளியுறவுத் துறை. விமான நிலையத்தில் இறங்கி, குடியேற்ற அதிகாரிக்கு முன்னால் போய் நின்று, உள்ளே விடும்படி கேட்பதற்கான சீட்டு அது. உள்ளே போன பிறகு அதற்கு வேலை கிடையாது. நாட்டுக்குள் இருக்கும்போது விசா காலாவதியானால் ஒன்றும் கெட்டுவிடாது; ஐ-94 தேதி தாண்டினால்தான் ஆபத்து.

ஸ்டாம்பிங் என்று பெயரே தவிர, இங்கே யாரும் முத்திரை குத்துவதில்லை. பாஸ்போர்ட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைக்கிற மாதிரி ஒரு தாளை ஒட்டித் தருகிறார்கள். இடது பக்கம் புகைப்படம். எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தில் 'எம்' என்று ஓர் எழுத்து இருந்தால் பல முறை என்று பொருள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் கம்பெனியின் பெயர், மனுவின் எண், மனு முடியும் தேதி. ஆண்டுக்கணக்கில் அமெரிக்காவில் இருப்பவர்கள் மனைவியின் பிறந்தநாளை மறந்தாலும் அந்தக் கடைசித் தேதியை மறப்பதில்லை. கம்பெனி மாறிவிட்டால் பழைய பெயர் அச்சான விசா செல்லாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தேதி மீதம் இருந்தால் பழைய விசாவையும் புதிய கம்பெனியின் ஐ-797 கடிதத்தையும் சேர்த்துக் காட்டி உள்ளே போகலாம்.

முதல் தடவையாக மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் படிக்கப் போனவர்கள். மாணவர் விசாவில் போய், பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, எச்-1பி குலுக்கலில் பெயரும் வந்துவிட்டால், அக்டோபர் 1ஆம் தேதி காலையில் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே மாணவர் ஊழியராகிவிடுகிறார். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. அத்தனை போட்டியில் இடம் கிடைத்தவரின் பாஸ்போர்ட்டில் அப்போதும் ஒட்டியிருப்பது பழைய மாணவர் விசாதான். நாட்டை விட்டு நகராத வரை அதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. பாட்டி இறந்துபோனாள் என்று ஒரு முறை ஊருக்கு வந்துவிட்டால், திரும்பிப் போக எச்-1பி விசா ஒட்டியாக வேண்டும்.

அதோடும் முடிவதில்லை. எச்-1பி மூன்று மூன்று ஆண்டுகளாக, மொத்தம் ஆறு ஆண்டுகள். கிரீன் கார்டு வழியில் ஒரு கட்டம் தாண்டியவர்களுக்கு ஆறுக்கு மேலும் நீட்டிக்கிறார்கள். வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஆகவே நம்மவர்கள் பதினைந்து ஆண்டுகள்கூட இந்த மூன்றாண்டுத் தவணைகளில் வாழ்கிறார்கள். ஒவ்வொரு நீட்டிப்பும் அமெரிக்காவிலேயே தபாலில் வந்துவிடும். விசாவுக்கு மட்டும் வெளியே போக வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2004 ஜூலை 16 வரை, ஏற்கெனவே எச் விசா வாங்கியிருந்தவர்கள் அதை அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பித்துக்கொண்டார்கள். மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் இருந்த ஒரு தபால் பெட்டி முகவரிக்குப் பாஸ்போர்ட்டையும் விண்ணப்பத்தையும் அனுப்பினால் போதும்; வெளியுறவுத் துறை புதிய விசாவை ஒட்டித் தபாலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் எல்லைப் பாதுகாப்பை இறுக்கி ஒரு சட்டம் வந்தது. 2004 அக்டோபர் 26க்குள் எல்லா விசாக்களிலும் உடல் அடையாளம் சேர்க்கப்பட வேண்டும் என்றது அந்தச் சட்டம். உடல் அடையாளம் என்றால் கைரேகை. உள்நாட்டில் கைரேகை எடுக்கத் தங்களுக்கு வசதியில்லை என்று சொல்லி வெளியுறவுத் துறை அந்தத் தபால் பெட்டியை மூடியது.

இந்தக் காரணம் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. கிரீன் கார்டுக்கு விண்ணப்பிப்பவர்களிடம் அமெரிக்க நகரங்களிலேயே மையம் வைத்துக் கைரேகை எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த மையங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையுடையவை. கைரேகை எடுக்கும் கருவி ஒரு துறையின் மேசையில், விசாத் தாள் இன்னொரு துறையின் அலமாரியில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நம் பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக் கடக்கிறார்கள். இத்தனைக்கும், வேற்று நாட்டுத் தூதர்களும் சர்வதேச அமைப்புகளின் அலுவலர்களும் தங்கள் விசாவை இன்றைக்கும் அமெரிக்காவுக்குள்ளேயே புதுப்பித்துக்கொள்கிறார்கள்.

தபால் பெட்டி மூடியதும் எல்லோர் கண்ணும் அண்டை நாடுகள் மேல் விழுந்தது. சென்னை வரை வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், செலவும் அதிகம். கனடாவின் வான்கூவரோ டொரன்டோவோ, மெக்சிகோவின் டிஹுவானாவோ சியுடாட் ஹுவாரஸோ என்றால் ஒரு வாரத்தில் போய் வந்துவிடலாம். ஒரு விசா வாங்கப் போவதற்கு இன்னொரு விசா வாங்க வேண்டியிருந்தது என்பது தனிக் கூத்து. கனடாவுக்குள் நுழைய இந்தியர்களுக்கு விசா வேண்டும், மெக்சிகோவுக்கும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இல்லையென்றால் வேண்டும். ஆனாலும் போனார்கள்.

இந்தக் குட்டிப் பயணத்துக்குள் ஒரு பொறி இருந்தது. அமெரிக்க விதிகளில் ஒரு சலுகை உண்டு. விசா காலாவதியாகியிருந்தாலும் ஐ-94 செல்லுபடியாக இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாட்களுக்குள் அப்படியே திரும்பி வந்துவிடலாம். நயாகரா அருவியை அந்தக் கரையில் நின்று பார்க்கப் போனவர்கள் இதைப் பயன்படுத்தியிருப்பார்கள். ஆனால் போன இடத்தில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது என்று 2002இல் விதியைத் திருத்திவிட்டார்கள். அருவி பார்க்கப் போனவன் திரும்பலாம். விசா கேட்கப் போனவன், விசா கிடைத்தால்தான் திரும்பலாம்.

என் அக்காள் மகன் 2018இல் இதில் சிக்கினான். டெக்ஸாஸிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு போய், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, பாலத்தை நடந்தே கடந்து மெக்சிகோவின் எல்லையோர நகரம் ஒன்றில் அறை எடுத்தான். நான்கு சட்டை, ஒரு கோப்பு. முதல் நாள் கைரேகை, மறுநாள் நேர்காணல். என்ன வேலை, யாருக்காகச் செய்கிறாய் என்று இரண்டு மூன்று கேள்விகள். பிறகு கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. கூடுதல் ஆவணங்கள் வேண்டும், பரிசீலனை நடக்கும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் தெரிந்ததாம். பாலத்துக்கு அப்பால் கார். அதற்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. பத்து நாள் பார்த்துவிட்டு, மெக்சிகோ சிட்டி, மும்பை வழியாகச் சென்னை வந்து சேர்ந்தான். அமெரிக்கா வழியாக வந்திருந்தால் தூரம் எவ்வளவோ குறைவு, ஆனால் அந்த மண்ணில் விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டுமே. சென்னையில் புதிதாக விண்ணப்பித்து, ஏழு வாரம் கழித்துக் கையில் வாங்கினான். காரை அதற்குள் நண்பன் போய் எடுத்திருந்தான்.

அவனுக்குக் கொடுத்த சீட்டுக்குப் பெயர் '221ஜி'. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221ஆம் பிரிவில் 'ஜி' உட்பிரிவு. ஸ்டாம்பிங்குக்குப் போகிறவர்கள் இந்த எண்ணை அம்மை நோயின் பெயரைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொல்வார்கள். இதை மறுப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, தாமதம் என்றுதான் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் இது மறுப்புத்தான். இணையத்தில் நிலையைத் தேடினால் 'மறுக்கப்பட்டது' என்றே காட்டும். அடுத்த முறை விண்ணப்பம் நிரப்பும்போது, முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி விளக்கமும் சொல்லியாக வேண்டும். எத்தனை நாளில் முடியும் என்பதற்குச் சட்டத்தில் கெடு எதுவும் கிடையாது. அதற்குள் லீவு தீர்ந்துவிடும். இந்தியாவிலிருந்து வேலை செய்யச் சில கம்பெனிகள் விடும்; வரி, தகவல் பாதுகாப்பு என்று சில கம்பெனிகள் விடாது. அங்கே வீட்டுக் கடன் தவணை மாதா மாதம் போய்க்கொண்டிருக்கும்.

வேலை அனுமதிக்காக எல்லை தாண்டிவிட்டுத் திரும்புவது அமெரிக்காவின் தனிச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவில் இருந்தவர்கள் அமெரிக்க எல்லை வரை போய், கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவதுபோல உடனே திரும்பி, கனடா எல்லை அதிகாரியிடம் அங்கேயே வேலை அனுமதியை வாங்கிக்கொள்வார்கள். கொடிக்கம்பம் சுற்றுவது என்றே அதற்குப் பெயர். 2024 டிசம்பர் 23ஆம் தேதி நள்ளிரவோடு கனடா அதை நிறுத்தியது. துபாய்ப் பக்கம் இருந்த நம் ஆட்களுக்கு ஈரானின் கிஷ் தீவு. முன்கூட்டியே விசா வாங்காமல் இறங்கலாம் என்பதால், விசிட் விசா முடிந்தவர்கள் அங்கே போய்ப் படுக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வேலை விசாவின் நகல் வரும்வரை காத்துக் கிடப்பார்கள். 2004 பிப்ரவரி 10ஆம் தேதி கிஷ்ஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் இறங்கும் நேரத்தில் விழுந்தது. இருந்த 46 பேரில் 43 பேர் இறந்தார்கள். விசாவுக்காகத் தீவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் அதில் பலர். கணினிப் பொறியாளரின் அலைச்சலைப் பற்றி எழுதும்போது அந்த விமானம் எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது.

எச்-1பிக்கு வருவோம். கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடின. போதாக்குறைக்கு 2020 ஜூனில் எச்-1பி விசாவில் புதிதாக நுழைவதையே நிறுத்தி டிரம்ப் உத்தரவிட்டார். இரண்டு வார லீவில் வந்தவர்கள் மாதக்கணக்கில் ஊரில் இருந்தார்கள். அதன் பிறகு, நேர்காணல் இல்லாமல் ஆவணங்களைப் போட்டுவிட்டு வரும் 'டிராப்பாக்ஸ்' வசதி தாராளமாகி, சில ஆண்டுகள் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. 2023 ஜூனில் மோடி வாஷிங்டன் போனபோது, உள்நாட்டிலேயே விசா புதுப்பிப்பதைச் சோதனை முறையில் தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரி 29 முதல் வாரத்துக்குச் சுமார் 4,000 வீதம் ஐந்து வாரம், மொத்தம் 20,000 இடங்கள். இந்தியாவிலோ கனடாவிலோ குறிப்பிட்ட காலத்துக்குள் விசா வாங்கியவர்களுக்கு மட்டும். பத்து விரல் ரேகையும் ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் கதவை மூடச் சொன்ன காரணம் கைரேகை அல்லவா? அது தங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று கடைசியில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். குடும்பத்தாரின் எச்-4 விசாவை மட்டும் சேர்க்கவில்லை. கணவருக்குத் தபாலில் வந்துவிடும், மனைவியும் குழந்தையும் விமானம் ஏற வேண்டும். சோதனை முடிந்தது, நிரந்தரத் திட்டமாக அது தொடரவில்லை.

2025 செப்டம்பரில் எல்லாமே ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. 2ஆம் தேதி முதல் எச்-1பிக்கு டிராப்பாக்ஸ் கிடையாது, நேரில்தான் வர வேண்டும். 6ஆம் தேதி, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவிப்பு. 19ஆம் தேதி, ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற பிரகடனம். இரண்டே நாளில் அமலுக்கு வந்தது. அது புதிய மனுக்களுக்கு மட்டும் என்று தெளிவாவதற்குள், ஊருக்குப் புறப்பட விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் பதறி இறங்கினார்கள்.

பரபரப்பு முழுவதையும் மூன்றாவது அறிவிப்பு எடுத்துக்கொண்டது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. சொந்த நாடு அல்லது வசிக்கும் நாடு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டல்லஸில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கும் தமிழர் வசிக்கும் நாடு எது? அமெரிக்கா. அமெரிக்காவில் அமெரிக்கத் தூதரகம் ஏது? ஆக, அவருக்கு வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க இடமே இல்லை. இந்தியா ஒன்றுதான் மிச்சம். வான்கூவரும் டிஹுவானாவும் அவருக்கு முடிந்துபோன கதை. அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் இனி சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா வரிசைகளில்தான் வந்து நிற்க வேண்டும்.

அந்த வரிசை டிசம்பரில் நின்றே போனது. 15ஆம் தேதி முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கப்போவதாகவும், கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். ஒவ்வொருவரின் பதிவுகளையும் புரட்டிப் பார்ப்பதென்றால் ஒரு நாளில் முடிக்கும் நேர்காணல்கள் குறையத்தானே செய்யும்? டிசம்பர் நடுவிலிருந்து தேதி வாங்கியிருந்த பலருக்கு, மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிவைத்து மின்னஞ்சல் வந்தது. பழைய தேதியில் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று தூதரகம் பொதுவாகவே சொல்லிவிட்டது. பலர் அதற்குள் இந்தியாவுக்கு வந்து இறங்கியிருந்தார்கள். விசா முடியும் தறுவாயில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டாம் என்று பெரிய கம்பெனிகளே தங்கள் ஊழியர்களை எச்சரித்தன.

என் அக்காள் மகனுக்கும் தேதி டிசம்பர் கடைசி வாரத்தில்தான் இருந்தது. மின்னஞ்சல் வந்தபோது இன்னும் கிளம்பவில்லை என்பதில் அவனுக்கு நிம்மதி. டிக்கெட்டை ரத்து செய்தான். அவன் வருவதை நம்பித்தான் ஜனவரியில் அத்தானுக்குத் திருக்கடையூரில் பீமரத சாந்திக்கு ஏற்பாடு செய்திருந்தோம். எழுபதாம் வயது என்பதால் தள்ளிப்போட அக்காவுக்கு மனமில்லை. காலை ஒன்பது மணிக்குக் கலசாபிஷேகம் தொடங்கும்போது அங்கே முந்தைய நாள் இரவு ஒன்பதரை. அவனுடைய ஐ-797 கடிதம் இன்னும் இரண்டு ஆண்டுக்குச் செல்லும், வேலையில் எந்தக் குறையும் இல்லை. போனை ஒரு பையனிடம் கொடுத்து உயரப் பிடிக்கச் சொன்னோம். மனையில் உட்கார்ந்திருந்த அத்தான், அக்கா தலையில் மகன் ஊற்ற வேண்டிய குடத்து நீரைத் தாய்மாமன் நான் ஊற்றினேன். ஊற்றி முடித்ததும் அக்கா ஈரத் தலையோடு போன் இருந்த பக்கம் திரும்பி, "கார்த்தாலே ஆபீஸ் இருக்குமே, நீ போய்த் தூங்குப்பா" என்றாள்.